வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு பிப்ரவரி மாலை

விடுமுறைக்காக டொரன்டோவிலிருந்து சென்னை வந்திருந்த நாங்கள், பிப்ரவரியில் ஒரு வாரநாளில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குச் சென்றோம். விடியுமுன் வருவதாக ஒப்புக்கொண்ட வாடகைக் கார் பத்து மணிக்கு மேல்தான் வந்து நின்றது. ஆகவே மதுராந்தகத்தில் மதிய உணவை முடித்து, வெயில் தாழ்ந்த பிறகே உள்ளே நுழைந்தோம்.

நுழைவுச் சீட்டும் கேமராவுக்கான தனிச் சீட்டும் வாயிலிலேயே கிடைத்தன. மூட்டுவலியுள்ள அம்மா போன்றவர்களுக்கு இங்குள்ள பெரிய வசதி, என் கணிப்பில், மேடுபள்ளமின்றி நீளும் ஏரிக்கரைப் பாதைதான். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏற முடியாவிட்டாலும் இழப்பு அதிகமில்லை. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில்தான் கூடுகள் இருக்கின்றன, அவற்றைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பைனாகுலர் இருந்தால், மஞ்சள்மூக்கு நாரையொன்று வெயில் விழும் பக்கமாக இறக்கையை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தருவதும், பிறகு குனிந்து தொண்டையிலிருந்து மீன்களைக் கூட்டின் நடுவில் கக்குவதும், குஞ்சுகள் அவற்றை முண்டியடித்துப் பொறுக்குவதும் தெளிவாகத் தெரியும்.

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இந்த ஏரியைப் பல தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் ஊர்மக்களே. பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மீது அவர்கள் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் அவர்களுடைய பாதுகாப்பு உரிமையை ஏற்றார் என்பது வரலாறு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதால், அந்த அக்கறையில் விவசாயக் கணக்கும் உண்டு.

கைபேசியில் பாட்டை அலறவிட்டபடி வந்த ஒரு கூட்டத்தைக் காவலர் உடனே தடுத்தது ஆறுதலாக இருந்தது. (கோயிலில் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இங்கு மட்டும் அது ஏன் மறந்துபோகிறதோ!) மாலை ஐந்து மணிக்குப் பிறகு அரிவாள்மூக்கன்களும் கொக்குகளும் வரிசை வரிசையாகத் திரும்பத் தொடங்கும், ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால், நான்கு மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது.

வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீரும் இராது, பறவைகளும் குறைவு. எனவே புறப்படுமுன் நிலவரம் விசாரித்துக்கொள்ளுங்கள். வாத்துகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் நேரம் ஒதுக்கலாம்.