நெஞ்சைத் திறப்பதா, துளை போதுமா?

இதயத்திலிருந்து ரத்தம் உடலுக்குப் போகும் வாசலான பெருந்தமனி வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, இதயத்தை நிறுத்தி, கெட்டுப்போன வால்வை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதைத் தைப்பது. இன்னொன்று, தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை ஏற்றி, மடக்கி வைத்த வால்வை அங்கே விரித்துவிடுவது. இதை டாவி என்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் யாரும் இரண்டாவதைத்தான் கைகாட்டுவார்கள். நெஞ்சை அறுக்க வேண்டாம், சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அறுபது வயதுகூட ஆகாதவர் என்னிடம் கேட்டால், முதல் வழியைத்தான் முதலில் பேசிப் பாருங்கள் என்பேன்.

அந்த முதல் வழியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். நல்ல வால்வு திறந்தால் 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். அது 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு. ரத்த ஓட்டத்தை இதய நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, பெருந்தமனியில் கவ்வி போடுவார்கள். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவம் உள்ளே போனதும் இதயம் நின்றுவிடும், திரையில் கோடு நேராகிவிடும். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. வால்வில் கல்போலப் படிந்த கால்சியத்தைத் துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு நழுவி மூளைக்குப் போனால் பக்கவாதம். அப்புறம் வளையத்தைச் சுற்றி வரிசையாக ஊசி போட்டு, ஒவ்வொரு நூலையும் வெளியே பிடித்திருக்கும் புது வால்வின் விளிம்பில் கோத்து, அத்தனை நூலின் மேலும் வால்வை வழுக்கவிட்டு இறக்கி உட்கார வைத்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். கடைசியில் இதயத்துக்குள் தங்கிய காற்றை வெளியேற்றிவிட்டுக் கவ்வியை எடுத்தால், வெதுவெதுப்பான ரத்தம் பட்டதும் இதயம் முதலில் நடுங்கும். பல நேரம் தானாகவே துடிக்கத் தொடங்கிவிடும், சில நேரம் சின்ன மின் அதிர்ச்சி தேவைப்படும்.

இந்தத் துணிச்சல் சும்மா வந்துவிடவில்லை. இயந்திரத்துக்காக இருபது ஆண்டுகள் பாடுபட்ட ஜான் கிப்பன், 1953 மே மாதம் பிலடெல்பியாவில் அதன் உதவியோடு ஓர் இளம்பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தார். அவள் பிழைத்தாள். அடுத்தடுத்து வந்த நோயாளிகள் பிழைக்காததால் அவரே அந்த வேலையை நிறுத்திக்கொண்டார். 1954இல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை இன்னும் துணிச்சலான காரியம் செய்தார்: அறுவை நடக்கும் நேரத்தில் குழந்தையின் ரத்த ஓட்டத்தைத் தாய் அல்லது தந்தையின் உடலோடு இணைத்துவிட்டார். இயந்திரத்தின் இடத்தில் பெற்றவர்! ஒரே அறுவையில் இரண்டு உயிர் போகக்கூடும் என்று சக மருத்துவர்கள் பதறியதில் ஆச்சரியமில்லை. 1955இல் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் குழு கிப்பனின் இயந்திரத்தைச் சீராக்கி எடுத்த பிறகுதான் திறந்த இதய அறுவை நிலைபெற்றது.

டாவியின் கதையும் பிடிவாதக்காரர்களின் கதைதான். 1989இல் டென்மார்க்கின் ஹென்னிங் ஆண்டர்சன் மடக்கக்கூடிய வால்வை ஒரு பன்றியின் இதயத்தில் பொருத்திக் காட்டினார். மனிதருக்கு முதன்முதலில் பொருத்தியவர் அலான் கிரிபியே, 2002 ஏப்ரலில், பிரான்ஸின் ருவான் நகரில். அந்த நோயாளி, இனி அறுவை தாங்காது என்று கைவிடப்பட்ட 57 வயதுக்காரர். பலூன் வகை வால்வை விரிக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. ரத்தத்தின் வேகம் வால்வை இடம் நகர்த்திவிடக் கூடாது என்பதற்காகப் துடிப்பைத் தூண்டும் பேசிங் கம்பி என்ற மின்கம்பி மூலம் இதயத்தை நிமிடத்துக்கு 180, 200 முறை துடிக்க விடுவார்கள். அவ்வளவு வேகத்தில் ரத்தம் ஏறக்குறைய வெளியே தள்ளப்படுவதே இல்லை. அந்தச் சில நொடிக்குள் வால்வு சரியான இடத்தில் விரிந்தாக வேண்டும். ஒன்றில் இதயத்தை நிறுத்துகிறார்கள், இன்னொன்றில் விரட்டுகிறார்கள்.

சரி, எது மேல்? அறுவைக்கே தகுதியில்லாதவர்களிடம் கேள்விக்கே இடமில்லை. 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள், டாவி செய்தவர்களில் 30.7 சதவீதம். ஆபத்து குறைவான நோயாளிகளிடம்தான் போட்டி சூடு பிடிக்கிறது. சுமார் 1000 பேரைக் கொண்ட பார்ட்னர் 3 ஆய்வில், இறப்பு, பக்கவாதம், மீண்டும் மருத்துவமனையில் சேருதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முதலாண்டில் டாவிக்கு 8.5 சதவீதம், அறுவைக்கு 15.1. ஐந்தாம் ஆண்டில் அது 22.8க்கு 27.2 என்று நெருங்கிவிட்டது, புள்ளியியல்படி உறுதியான வித்தியாசம் இல்லை. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 73 என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் வயது குறுக்கே வருகிறது. டாவியில் பழைய வால்வை எடுப்பதில்லை, ஓரமாக நசுக்கிவிட்டு அதன்மேல் புதியது உட்காருகிறது. அதனால் விளிம்பில் கசிவு வரலாம், பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். விலங்குத் திசுவால் செய்த வால்வு எதுவானாலும் ஒருநாள் தேயும். 55 வயதுக்காரருக்கு இரண்டாவது வால்வு பெரும்பாலும் வேண்டியிருக்கும், ஒருவேளை மூன்றாவதும். டாவிக்குள் டாவி வைக்க இடம் போதாமல் போனால் அதைப் பெயர்த்தெடுக்க நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும், அது முதல் அறுவையைவிடக் கடினம். திறந்து செய்தால் உலோக வால்வும் வைக்கலாம். அது தேயாது, ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் கூடவே வரும். 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் 65க்குக் கீழே அறுவை, 80க்கு மேலே டாவி, நடுவில் பேசி முடிவு செய்யுங்கள் என்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இதயத்தின் ரத்தக்குழாய் அடைப்புக்குப் பைபாஸ் அறுவையா, குழாய் வழியே வைக்கும் ஸ்டென்ட்டா என்ற பழைய சண்டையை நீட்ட வேண்டியதில்லை. சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருந்தால் பைபாஸ்தான். 2012இல் வந்த ஃப்ரீடம் ஆய்வில் ஐந்தாண்டு இறப்பு ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. பக்கவாதம் மட்டும் பைபாஸ் பக்கம் கூடுதல். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறக்கப் பெரும்பாலும் ஸ்டென்ட்தான்.

நுரையீரல் புற்றுநோய் அறுவையில் கதையே வேறு. அங்கே துளை வழிக்குத்தான் என் ஓட்டு, பெரிய தயக்கம் இல்லாமல். திறந்த முறையில் விலா எலும்புகளை அகட்ட வேண்டும். விலாவின் கீழ் ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்கினால் மாதக்கணக்கில் வலி இருக்கும். சின்னத் துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைக்கும் கேமரா முறையில் அகட்டுவதே இல்லை. ஒரு பக்க நுரையீரலின் காற்றை இறக்கிவிட்டு மறுபக்கத்தால் மட்டும் மூச்சு விட வைக்கிறார்கள். சுருங்கிய பக்கத்தில் மடலை, அதாவது நுரையீரலின் பெரும் பிரிவுகளில் ஒன்றை, பிரித்து, மெல்லிய சுவருள்ள ரத்தக்குழாய்களை ஸ்டேப்ளரால் ஒரே நேரத்தில் மூடி வெட்டுகிறார்கள். பிரிட்டனில் 503 பேரிடம் நடந்த வயலட் ஆய்வில், கேமரா முறையினர் ஐந்தாவது வாரத்தில் உடலளவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். மருத்துவமனை வாசமும் ஐந்து நாளுக்குப் பதில் நான்கு. ஆனால் ரத்தக்குழாய் கிழிந்தால் சட்டென்று திறக்கத் தெரிந்த கைதான் கேமராவைப் பிடித்திருக்க வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது என்பதிலும் போட்டி உண்டு. 1933இல் செயின்ட் லூயிஸில் எவர்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலையே முழுதாக எடுத்தார். நோயாளி ஒரு மருத்துவர். கிரஹாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார், நோயாளி அதற்குப் பிறகும் வாழ்ந்தார். பின்னாளில் ஒரு மடல் போதும் என்று ஆனது. 2022இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு மடலின் ஒரு பகுதியே போதும் என்று காட்டியது: ஐந்தாண்டு உயிர்வாழ்வு பகுதி எடுத்தவர்களுக்கு 94.3 சதவீதம், மடல் எடுத்தவர்களுக்கு 91.1. அதே இடத்தில் கட்டி திரும்புவது மட்டும் பகுதி எடுத்தவர்களிடம் அதிகம் இருந்தது. பகுதியை எடுப்பதுதான் கைக்குக் கஷ்டமான வேலை, ஏனென்றால் பகுதிகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் எல்லை கிடையாது. எந்தக் கிளைக்குழாய் எங்கே போகிறது என்று படத்திலேயே படித்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

ரோபோவா, சாதாரணக் கேமராவா என்பது பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அதைவிட, இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், நடுவில் திறக்க வேண்டி வருவது எவ்வளவு என்று சர்ஜனையே கேட்டுவிடலாம்.