கிராப்ரெடி போகிறீர்களா? வயலில் டென்ட்டா, பான்பரியில் ரூமா?

"கிராப்ரெடிக்கு டிக்கெட் வாங்கியாச்சு, எங்கே தங்குறது?" இங்கிலாந்தில் கிராப்ரெடி என்ற கிராமத்து வயலில் ஆகஸ்டில் நடக்கும் இசை விழாவைத்தான் சொல்கிறார்கள். ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் என்னைக் கூப்பிடுவார். நான் ஒரு வருடம் பக்கத்து ஊரான பான்பரியில் ரூம் எடுத்துப் பார்த்தேன். அதற்கப்புறம் இரண்டு முறை வயலிலேயே டென்ட் போட்டேன். இனி போனாலும் டென்ட்தான். இரண்டையும் எடைபோட்டுச் சொல்கிறேன், ஆனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1967இல் லண்டனில் தொடங்கிய குழு. இங்கிலாந்தின் பழைய கதைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் வைத்து வாசித்துப் பேர் வாங்கியவர்கள். 1979 ஆகஸ்டில், "போதும், கலைந்துவிடுகிறோம்" என்று ஆக்ஸ்ஃபோர்ட்ஷைரில் உள்ள கிராப்ரெடி என்ற கிராமத்தில் பிரியாவிடைக் கச்சேரி நடத்தினார்கள். அடுத்த வருடமே பழைய நண்பர்கள் கூடுகிறோம் என்று திரும்பி வந்து வாசித்தார்கள். அந்தப் பிரியாவிடை இன்னும் முடிந்தபாடில்லை. கோவிட் சமயத்தில் 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை, அதோடு சரி. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வாக்கில் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள். ஒரு காலத்தில் 20,000 பேர் வரை வந்த விழா, இப்போது அதில் பாதிகூட இல்லை. எனக்கு அதுவே வசதியாக இருக்கிறது.

நான் இருப்பது ரெடிங்கில். எங்கள் ஊரிலேயே ஆகஸ்ட் கடைசியில் பெரிய ராக் விழா நடக்கிறது. எங்கள் தெரு வழியாக முதுகுப் பையோடு போகும் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்குக் களைத்துவிடும். அங்கே பல மேடைகள், ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போய்விடும். கிராப்ரெடியில் ஒரே மேடை. வயல் மேடையைப் பார்த்துச் சரிந்து இறங்குகிறது. மேட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் மூன்று நாளும் எதையும் தவறவிட வேண்டியதில்லை. ஆகவே இங்கே திட்டமிடுவதற்கு உண்மையில் ஒரே விஷயம்தான் மிச்சம்: இரவில் எங்கே படுப்பது.

செலவைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. டென்ட் போடத் தனிச்சீட்டு வாங்க வேண்டும், விழாச் சீட்டோடு அது சேர்ந்து வராது. அப்படியும் மூன்று இரவு ஹோட்டல் வாடகைக்கு அது உறைபோடக் காணாது. கழிவறை, குளியல் என்று பார்த்தால் ரூம் ஜெயிக்கும், இதில் விவாதமே இல்லை. மழை வந்தாலும் ரூம்தான். சாப்பாடு இரண்டுக்கும் ஒன்றே, பகல் முழுக்க வயலில்தானே இருக்கப்போகிறோம். ஒன்று மட்டும் டென்ட்காரர்களுக்குக் கூடுதல்: காலையில் எழுந்து கிராமத்துக்குள் நடந்தால் ஊர்க்காரர்களே முட்டை, பேக்கன், டீ என்று காலை உணவு விற்பார்கள். அப்படியே பிரேசனோஸ் ஆர்ம்ஸ், ரெட் லயன் என்ற இரண்டு பப்பையும் எட்டிப் பார்க்கலாம், அங்கே தனியாகச் சின்னக் கச்சேரிகள் நடக்கும். ஊருக்குள் பாலத்தைத் தாண்டும்போது, 1644இல் முதலாம் சார்லஸ் மன்னரின் படையும் நாடாளுமன்றப் படையும் மோதிக்கொண்டது இந்தப் பாலத்துக்காகத்தான் என்று பக்கத்தில் வருபவரிடம் சொல்லி அலட்டிக்கொள்ளலாம். பான்பரியில் தங்கினால் காலையில் கிடைப்பது ஹோட்டல் பஃபே.

தூரத்துக்கு வருவோம். பான்பரியிலிருந்து கிராப்ரெடி நாலு மைல்தான். லண்டன் மேரிலெபோனிலிருந்து பான்பரிக்கு ரயிலில் ஒரு மணி நேரம். காரில் வந்தால் எம்40 நெடுஞ்சாலையில் 11ஆவது சந்திப்பில் இறங்க வேண்டும். கிராப்ரெடிக்கே ஒரு ரயில் நிலையம் இருந்தது, 1956இல் மூடிவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் அப்படியே இருக்கிறது, ரயில்கள் ஊரை உரசிக்கொண்டு போகும், நிற்காது. நாலு மைல் என்பது பகலில் ஒன்றுமே இல்லை. நடுராத்திரியில்தான் அதற்கு வேறு அர்த்தம் வருகிறது.

நான் டென்ட் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் சனிக்கிழமை இரவு. வியாழனும் வெள்ளியும் எங்கே தங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை, கடைசிக் குழு சரியில்லை என்றால் கொஞ்சம் முன்னால் கிளம்பிவிடலாம். சனிக்கிழமை அப்படி இல்லை. அன்று கடைசியாக மேடையேறுவது ஃபேர்போர்ட். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பார்கள், பழைய ஆட்கள், விருந்தாளிகள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள். முடிவில் "மேட்டி குரோவ்ஸ்". பிரபுவின் மனைவி, கள்ளக்காதலன், வாள், இரண்டு பிணம் என்று நம்மூர் கொலைச்சிந்துக்குக் கொஞ்சமும் குறையாத பாட்டு. அது முடிந்ததும் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். ஏனென்றால் அடுத்தது "மீட் ஆன் த லெட்ஜ்". குழுவின் அன்றைய கிட்டார்காரர், இருபது வயதுகூட ஆகாத ரிச்சர்ட் தாம்ப்சன் எழுதியது. அப்போது அவர் எதை நினைத்து எழுதினாரோ, இப்போது அந்த வயலில் அது போய்ச் சேர்ந்தவர்களுக்கான பாட்டு. 1969இல் வேன் விபத்தில் இறந்த டிரம்மர் மார்ட்டின் லாம்பிள், 1978இல் போன பாடகி சாண்டி டென்னி, 2024இல் போன இன்னொரு டிரம்மர் ஜெரி கான்வே. அவரவர் வீட்டில் இழந்தவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் எல்லாரும் பாடுகிறார்கள். அது முடியும்போது ஏறக்குறைய நள்ளிரவு.

இப்போது பான்பரியில் ரூம் எடுத்தவன் கதை. அது நான்தான். விழாவுக்கான பேருந்து வசதியைப் பற்றி முன்கூட்டியே விசாரிக்காமல், பன்னிரண்டு மணிக்கு ஒரு டாக்ஸி சொல்லிவைத்திருந்தேன். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று யாரும் வாக்குறுதி தருவதில்லை, பத்து நிமிடம் முன்பின் இருக்கும். பதினொன்றரையிலிருந்து நான் மேடையைப் பார்த்ததைவிட ஃபோனைப் பார்த்ததுதான் அதிகம். "மேட்டி குரோவ்ஸ்" பாதியில் இருக்கும்போது, "இப்பவே போனாத்தாங்க கூட்டத்துல மாட்டாம வெளிய போகலாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் தவறே இல்லை. நாற்காலிகளை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதிக்காமல் மேட்டில் ஏறி வாசலுக்கு வந்தோம். சாலையோரம், வேலிக்கு வெளியே, இருட்டில் நின்றோம்.

அங்கே நிற்கும்போதுதான் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. மேடையின் சத்தம் பாதிதான் வந்தது. வயல் முழுக்க இருந்தவர்கள் பாடிய சத்தம் முழுதாக வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட காவலாளி ஒருவர் வாசலைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பாட்டைக் கேட்கத்தான் அந்த வருடம் போனேன். டாக்ஸி வந்ததா என்றால், பன்னிரண்டுக்கு வரவில்லை. பன்னிரண்டரைக்கும் வரவில்லை. வந்தபோது மணி ஒன்றேகால். உள்ளேயே இருந்து முழுப் பாட்டையும் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக வந்திருந்தாலும் அந்த டாக்ஸியைப் பிடித்திருக்கலாம்.

சொந்தக் காரில் போய் வரலாமே என்பீர்கள். வரலாம், ஆனால் மூன்று நாளும் ஒருவர் பீர் பக்கமே போகக்கூடாது. எல்லாக் கார்களும் ஒரே நேரத்தில் ஒரே கிராமத்துச் சாலையில் இறங்கும் அழகையும் பார்க்க வேண்டும். டென்ட்காரருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. பாட்டு முடிகிறது, விளக்குகள் போடுகிறார்கள், பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் படுக்கை. அந்த நடைதான் எனக்கு விழாவிலேயே மிகவும் பிடித்த பகுதி. ஆயிரக்கணக்கானவர்கள் தலைவிளக்கோடு, அதிகம் பேசாமல், புல்லில் ஒரே திசையில் நடப்பார்கள். இன்னொன்று, பெர்சீட் எரிகற்கள் உச்சத்தில் விழும் நாள் ஆகஸ்ட் 12, 13. விழா அதையொட்டித்தான் வரும். போன தடவை மேகமில்லாத இரவு கிடைத்தது. டென்ட் வாசலில் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, சின்ன ஸ்டவ்வில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே ஏழு எண்ணினேன். மனைவி ஒன்பது என்கிறாள்.

சரி, டென்ட்டின் குறைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், எட்டு மணிக்கு உள்ளே இட்லிப் பானைதான். இரவில் அதற்கு நேர்மாறு. ஆகஸ்ட்தானே என்று மெல்லிய போர்வையோடு போய் முதல் இரவு முழுக்க இரண்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கினோம். பக்கத்து டென்ட்காரர் மூன்று இரவும் குறட்டை விட்டார், காதடைப்பான் கண்டிப்பாக வேண்டும். இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை ஊருக்குத் திரும்பிய பிறகுதான். ஞாயிறு காலை பனியில் நனைந்த டென்ட்டை அப்படியே சுருட்டி டிக்கியில் போட்டு வந்துவிடுவோம். அதை இரண்டு நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் கரும்புள்ளி கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும். நாங்கள் இருப்பது மாடி ஃபிளாட், தோட்டம் கிடையாது. சோபாவின் மேல் பாதி, சாப்பாட்டு மேசையின் மேல் பாதி என்று டென்ட்டை விரித்துப்போட்டு, மூன்று நாள் அதன் அடியில் குனிந்து குனிந்து நடமாடினோம். வீடெல்லாம் புல்வாசம்.

யாருக்கு ரூம் சரி? என்னை இந்தக் குழுவின் பாட்டுக்குப் பழக்கிவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார், அறுபது தாண்டியவர். எத்தனையோ வருடம் வயலில் படுத்தவர், இப்போது பான்பரிப் பக்கம் ஒரு வீட்டில் ரூம் எடுக்கிறார். "தம்பி, பாட்டைக் காது கேட்கும், ஆனா படுக்கையை முதுகுதான் முடிவு பண்ணும்" என்பார். அவருக்கு டாக்ஸி பிரச்சினை இல்லை, குடிக்காத மருமகன் கூடவே வருகிறார். அப்படி ஒரு மருமகன் உங்களுக்கு வாய்த்திருந்தால் ரூமே எடுங்கள், நான் தடுக்கவில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு எது சரி என்று அடித்துச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு வயதுப் பையனோடு ஒரு குடும்பம் டென்ட் போட்டிருந்தது. பையன் நன்றாகத் தூங்கினான், பெற்றோர் தூங்கின மாதிரி தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது, நீளப் படகை வாடகைக்கு எடுத்து அதிலேயே வந்து கரையில் கட்டிக்கொண்டு தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க ஆசையாக இருக்கும். நான் படகில் தங்கியதில்லை, அதனால் அதற்கு மார்க் போட மாட்டேன். கட்ட இடம் கிடைக்க வேண்டுமானால் பல நாள் முன்னாலேயே போய்விட வேண்டும் என்று ஒரு படகுக்காரர் சொன்னார். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

டென்ட் என்று முடிவு செய்தால், வியாழன் மதியத்துக்குள் போய்விடுங்கள். மேடான, காய்ந்த இடம் முதலில் வருகிறவர்களுக்குத்தான். கழிவறைக்குப் பக்கத்தில் என்று ஆசைப்பட்டுப் போடாதீர்கள், இரவு முழுக்கக் கதவு அடிக்கும். சனிக்கிழமை மதியம் ஒரு கைக்குட்டை கையில் இருக்கட்டும். ரிச்சர்ட் டிகன்ஸ் என்பவர் பல வருடமாகச் சனிக்கிழமையைத் தொடக்கிவைத்து, வயலில் இருக்கும் அத்தனை பேரையும் கைக்குட்டை வீசி ஆடும் மோரிஸ் என்ற இங்கிலாந்து நாட்டுப்புற நடனத்தை ஆடவைத்துவிடுவார். அப்புறம், டென்ட்டின் உச்சியில் ஏதாவது ஒன்றைக் கொடியாகக் கட்டிவையுங்கள். நடுராத்திரியில் எல்லா டென்ட்டும் ஒரே மாதிரி இருக்கும், முதல் வருடம் நான் திறந்தது வேறொருவருடையதை. உள்ளே இருந்தவர் திட்டவில்லை, "உங்களுடையது பச்சையா? இரண்டு வரிசை தள்ளி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த வருடம் மனைவியின் மஞ்சள் துப்பட்டாவைக் கட்டினோம். அது திரும்பி வந்து சலவைக்குப் போட்டும் புகை வாசம் போகவில்லை, இப்போது அதை டென்ட்டோடு சேர்த்தே மடித்து வைத்திருக்கிறோம்.