டிரம்மா, டிஸ்க்கா: உப்புக்காற்றில் எது நிற்கும்?

மச்சான் மீன் ஏற்றப் புது வண்டி வாங்கப் போகிறார். மண்டபத்தில் ஏலம் எடுத்து, உச்சிப்புளி வழியாக ராமநாதபுரம் வரை தெருத்தெருவாக விற்பவர். முன்னால் டிஸ்க் பிரேக் வைத்த 125 சிசி பைக்கா, பழையபடி இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள மொபெட்டா என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார். ஷோரூமில் கேட்டால் டிஸ்க் என்கிறார்கள், டீக்கடையில் கேட்டால் டிரம் என்கிறார்கள். நான் இரண்டையும் வைத்து ஓட்டுகிறவன். வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம் என்று நடுவில் குடியிருப்பதால் துருவோடு நல்ல பழக்கம் உண்டு.

நிறுத்தும் பலத்தை மட்டும் பார்த்தால் பேச்சே வேண்டாம், டிஸ்க்தான். பாம்பன் சாலைப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ல் திறந்த பாலம், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் மேடு. அந்த மேட்டில்தான் சுற்றுலா வண்டிகள் எல்லாம் ரயில் பாலத்தைப் பார்க்க நின்றுகொண்டிருக்கும். ஏறி இறங்கும்போது திடீரென்று பிடிக்க வேண்டி வந்தால் டிஸ்க் கொடுக்கிற தைரியத்தை டிரம் கொடுக்காது. மழையிலும் அப்படித்தான். டிஸ்க் என்பது வெளியே தெரிகிற தகடு. அதில் பட்ட தண்ணீரைச் சக்கரம் சுற்றும் வேகமே உதறிவிடும். மூடிய கிண்ணம் போன்ற டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் உள்ளேயே கிடக்கும். பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவைத்தால்தான் பழைய பிடி வரும்.

மணலும் அதே கதை. தனுஷ்கோடி பக்கம் அரிச்சல்முனை சாலையில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மணல் ரோட்டுக்கே ஏறிவிடும். டிரம்முக்குள் போன மணல் வெளியே வர வழியில்லாமல், உள்ளிருந்து பிடிக்கும் கட்டையான சூவையும் டிரம்மையும் சேர்த்து அரைக்கும்.

அப்படியானால் டிஸ்க்கையே வாங்கிவிடலாமே என்றால், அட்ஜஸ்ட் பண்ணும் விஷயத்துக்கு வந்தபிறகுதான் எனக்கு மனசு மாறுகிறது.

டிரம் அடிக்கடி நம் கையைக் கேட்கும். சூ தேயத் தேய மிதி கீழே போகும், காலுக்கே தெரிந்துவிடும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, மிதியைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். பிடிக்கத் தொடங்கும் முன் 2 முதல் 3 சென்டிமீட்டர் பிளே, அதாவது சும்மா அமுங்கும் தூரம், இருந்தால் போதும், சரியான அளவு வண்டியின் கையேட்டிலேயே இருக்கும். அதற்கு மேல் போனால் பின்சக்கரத்துப் பிரேக் கம்பி முனையில் உள்ள நட்டை வலப்பக்கம் திருகினால் இறுகும். அரைச் சுற்று அரைச் சுற்றாகத்தான் திருக வேண்டும், நட்டின் வளைவு பின்னில் பொருந்தி உட்கார வேண்டும் என்பதால். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசும் சத்தம் கேட்டால் அரைச் சுற்று தளர்த்துங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்று ஒரு பார்வை, அவ்வளவுதான்.

செயின் தளர்ந்திருந்தால் முதலில் அதை இழுத்துவிட்டுத்தான் பிரேக்குக்கு வர வேண்டும். செயினை இழுக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், அப்போது பிரேக் தானாகவே இறுகிவிடும். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, தேவிபட்டினம் போய்ச் சேருவதற்குள் டிரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானதைப் பார்த்தவன் நான். தப்பு என்னுடையதுதான். இன்னொன்று, 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசி வரையுள்ள வண்டிகளில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லையென்றால் காம்பி பிரேக் கட்டாயம். பின் பிரேக்கைப் பிடித்தால் முன்னாலும் பிடிக்கும். அதனால் பின்னால் இறுக்கியபின் முன்சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நட்டை எத்தனை தடவை இறுக்கலாம்? பல வண்டிகளில் டிரம்மை மூடியிருக்கும் பிரேக் தகட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது அந்த அம்பு கோட்டைத் தாண்டினால் சூ முடிந்தது. அதற்கு மேலும் இறுக்குவது வீண். உள்ளே சூவை விரிக்கும் கேம் ஏற்கெனவே அளவுக்கு மீறித் திரும்பியிருக்கும், அழுத்துகிற பலம் சூவுக்குப் போகாது. மீன் வண்டிகளில் இன்னொரு தொல்லை, ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் நேராகக் கேம் தண்டில் விழும். தண்டு துருப்பிடித்தால் பிடித்த பிரேக் திரும்பாது. அதை நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். கழற்றித் துடைத்துத் துளி கிரீஸ் வைப்பதுதான் வழி.

டிஸ்க்கில் இந்த வேலை எதுவும் கிடையாது. தகட்டைக் கவ்வும் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் தானே முன்னால் வந்துவிடும், லீவர் பிளே மாறாது. எனக்குப் பயமே அதில்தான். எதுவும் கேட்காத பிரேக்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகரும் பின்களில் உப்பு பூத்து இறுகிப்போனால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும்போதுதான் தெரியும். கடையில் தகட்டைப் பட்டை தீட்டித் தர மாட்டார்கள், புதிதுதான் மாட்ட வேண்டும். பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரிதான். பொதுவாக 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள். இந்தக் காற்றில் தள்ளிப்போடாதீர்கள். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அதை எடுக்க மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துருவுக்குப் பயந்து வண்டி முழுக்க ஆயில் அடிக்கச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம். டிஸ்க்கில் ஒரு சொட்டு பட்டாலும் பேடு குடித்துவிடும், அப்புறம் பிரேக் வழுக்கும். காலையில் தகட்டில் மெல்லிய செந்துரு தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், நாலு தடவை பிடித்தால் போய்விடும்.

மச்சானுக்கு நான் சொன்னது டிரம். 40 வேகத்தைத் தாண்டாத, பெட்டி ஒழுகும், ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் அவர். தினமும் ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 70-ல் போகிறவர் கேட்டிருந்தால் டிஸ்க் என்றிருப்பேன், கூடவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வேன் என்று சத்தியமும் வாங்கியிருப்பேன்.

சைக்கிளையும் ஒரு வார்த்தை கேட்டார், மகளுக்கு. டிஸ்க் வைத்த சைக்கிள் வேண்டாம், தகடு சற்றே வளைந்தாலும் உரசிக்கொண்டே இருக்கும். கம்பி பிரேக் உள்ள பெரிய சைக்கிளில் உப்பு உள்ளே ஒளிய இடமில்லை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் கனம். வயர் பிரேக் போதும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி, கட்டை டயரில் படக்கூடாது. வயருக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாலு நாள் சுகமாக இருந்து பிறகு மணலோடு சேர்ந்து பசையாகிவிடும். உள்வயர் துருப்பிடித்து இழுக்கக் கனத்தால் எண்ணெய் தேடாமல் புது வயர் போட்டுவிடுங்கள்.