சான்று வாங்குமுன் மேல் அடுக்கைப் பாருங்கள்

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் போனால் நிலம் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம். அதில் நான்கு அடுக்கு எனக்கு. மொத்தம் 70 சென்ட். பூண்டு, கேரட், பட்டர்பீன்ஸ். மருந்தையும் உப்பு உரத்தையும் நிறுத்தி 6 வருடம் ஆகிறது. நிறுத்துவதுகூடச் சிரமமாக இல்லை. நிறுத்திவிட்டேன் என்று அடுத்தவரை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. அதற்கு மூன்று வழி உண்டு: ஆய்வாளர் வந்து பார்த்துத் தரும் சான்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து தரும் சான்று, சான்றே இல்லாத வாய்ச்சொல். மூன்றிலும் காலை வைத்துப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, 2001 முதல் நடப்பில் இருக்கும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் வருவது. (அங்ககம் என்ற சொல் அரசாங்கத் தாளில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, இயற்கை விவசாயம்தான்.) தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இதைத் தருகிறது, தனியார் நிறுவனங்களும் தருகின்றன. பூண்டு, கேரட் போன்ற பருவப் பயிருக்கு 2 வருடம், காபி, மிளகு போன்றவற்றுக்கு 3 வருடம் மாறுதல் காலம், அதாவது மருந்தை விட்டபின் முழுச் சான்றுக்குக் காத்திருக்கும் காலம். அந்த நாட்களில் விளைச்சலும் குறையும், விலையும் சாதாரண விலைதான்.

கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கம் காபி வைத்திருப்பவருக்கு இது பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன். ஒரே பயிர், வருடத்துக்கு ஒரு அறுவடை. மூட்டை கட்டி வைத்தால் கெடாது. இயற்கைக் காபி என்று வெளிநாட்டுக்கு அனுப்ப இந்தச் சான்று வேண்டும். 25 முதல் 500 பேர் வரை குழுவாகவும் வாங்கலாம். செலவு பிரிந்துவிடும், ஆனால் கணக்கு எழுத ஓர் ஆள் வேண்டும்.

மேல்மலைக் காய்கறிக்காரனுக்கு அப்படியில்லை. என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "மூன்றாம் அடுக்கு, பூண்டு, பஞ்சகவ்யம் 3 லிட்டர், தண்ணீர் 100 லிட்டர், காலை 8 மணி." இப்படி ஒவ்வொரு அடுக்குக்கும், ஒவ்வொரு பயிருக்கும், வாங்கிய ஒவ்வொரு மூட்டைக்கும் எழுத வேண்டும். சமவெளியிலிருந்து லாரியில் ஏறிவரும் கோழி எரு எந்தப் பண்ணையில் எடுத்தது என்பதுவரை கேள்வி வரும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். ஆய்வாளர் என் தோட்டத்தில் நின்று மண்ணைப் பார்ப்பதற்கு முன் அண்ணாந்து பார்த்தார். "மேலே யாருடையது?" என்றார்.

மேலே அப்போது இருந்தது உருளைக்கிழங்கு. மழை பெய்தால் அங்கிருந்து வடியும் தண்ணீர் கல்கட்டின் இடுக்கு வழியாக என் முதல் அடுக்குக்குத்தான் இறங்கும். அவர் விரல் வைத்துக் காட்டிய கல்லில் மஞ்சளாக ஒரு படலம் காய்ந்திருந்தது. கருகல் நோய்க்கு அடித்த மருந்து. தினமும் அந்தக் கல்லைக் கடந்து போகிறவன், என் கண்ணில் அதுவரை பட்டதே இல்லை. முதல் அடுக்கை இடைவெளி நிலமாக விட்டுவிடுங்கள், அதில் விளைவதைத் தனியாகச் சாதாரணச் சரக்காக விற்றுக்கொள்ளுங்கள் என்றார். அவர் மேல் தவறில்லை, விதி அது. சமவெளியில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஓரத்தில் ஒரு பட்டை போகும். எனக்கு நான்கில் ஒன்று போகிறது.

இரண்டாவது, வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை. பி.ஜி.எஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மாறுதல் காலத்தில் ஒரு முத்திரை, முழுதாக மாறியபின் இன்னொன்று. கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

"நீங்களே தோட்டம் போட்டு நீங்களே சான்றும் கொடுப்பீர்களா?" என்று கொடைக்கானல் கடைக்காரர் ஒருவர் சிரித்தார். சிரிப்பில் பாதி நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பருவம் யூரியா போட்டார். கேரட் இலையின் கரும்பச்சையைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. படிவத்தில் எழுதத்தான் யாருக்கும் கை வரவில்லை. சம்பந்தி வீட்டுக்காரர். கடைசியில் அந்தப் பருவம் அவர் சரக்கை எங்கள் சுமையில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். அதே நேரம், ஆய்வாளர் வருடத்தில் ஒரு நாள் வருவார். பக்கத்துத் தோட்டக்காரர் கண்ணுக்கு முதுகில் தெளிப்பான் ஏறும் நாள் தப்பாது.

நான் பி.ஜி.எஸ் பக்கம் சாய்ந்தது அதனாலும் இல்லை. குழுவுக்கு ஆள் சேர்க்கும்போது சிநேகம் பார்க்காமல் சரிவு பார்த்தோம். தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியில் இருப்பவர்கள். மேல் அடுக்கு அண்ணனிடம் மூன்று முறை போனேன். "கிழங்கு அழுகினால் நீ தருவாயா?" என்றார். தர முடியாது என்றேன். எங்களை ஒட்டிய இரண்டு அடுக்கில் மட்டும் கிழங்கை விட்டுப் பூண்டுக்கு மாறினார். அடுத்த வருடம் மீதியையும் மாற்றிக் குழுவில் சேர்ந்தார். ஆய்வாளர் இடைவெளி நிலமாக விடச் சொன்ன என் முதல் அடுக்கு திரும்பக் கிடைத்தது.

இதன் குறை விற்பனையில் தெரியும். ஏற்றுமதிக்கு இது செல்லாது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் குவியலோடு சேர்ந்துவிட்டால் முத்திரைக்கு மதிப்பே இல்லை. அங்கே பல்லின் பருமனும் காய்ந்த பதமும்தான் விலை பேசும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீட்டைக் காட்டி "அதுதான் இயற்கை என்று சான்று இருக்கிறதே" என்பவர்களும் உண்டு. அது எங்கே விளைந்தது என்று சொல்லும். எப்படி விளைந்தது என்று சொல்லாது. மருந்தடித்த பூண்டும் மலைப்பூண்டுதான்.

மூன்றாவது வழிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை என்று சொல்லி விற்கும் பொருளுக்கு முதல் இரண்டில் ஒரு சான்று இருக்க வேண்டும் என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டு வியாபாரம் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர், உண்பவருக்கே நேரடியாக விற்றால் விலக்கு உண்டு. மதுரையில் எனக்கு முப்பது வீடு இப்படி இருக்கிறது; பஸ்ஸில் மூட்டை போகும். சீசனுக்கு வரும்போது அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கும் பூண்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குறிப்பேட்டைப் புரட்டாமலே பணம் கொடுத்துவிடுவார்கள். முப்பது வீட்டுக்கு இது போதும். முந்நூறு என்றால் என் முகம் அத்தனை பேருக்குத் தெரியாது.

இப்போது பூண்டு குழுவின் பேரில் போகிறது, பீன்ஸ் வாய்ச்சொல்லில் போகிறது. ஆய்வாளர் சான்றுக்கு மறுபடி விண்ணப்பிக்கவில்லை. அண்ணனுக்கு மேலே இன்னும் இரண்டு அடுக்கு இருக்கிறது. உரிமையாளர் திண்டுக்கல்லில் இருக்கிறார். குத்தகைக்காரர் வருடத்துக்கு ஒருவர் மாறுகிறார். இந்த வருடம் வந்தவர் உருளை போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் அவரைப் பார்க்கப் போகிறோம்.