பல்கலைக்கழக மூதவை: மலையக மாணவருக்கு அது எவ்வளவு தூரம் பயன்படுகிறது?

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் வாரத்திலேயே செனட் கட்டடம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கட்டடத்துக்குப் பெயர் தந்த மூதவை, அதாவது கல்வி விடயங்களைக் கவனிக்கும் செனட் சபை, தமக்கு என்ன செய்யும் என்பது நாலு வருடம் படித்து முடித்த பிறகும் பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியையோ வங்கியையோ மதிப்பிடுவதுபோல மூதவையையும் அதைச் சுற்றியுள்ள சபைகளையும் ஒரு சேவையாக எடுத்து, தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று இங்கே பார்க்கிறோம். பேராதனைக்கும் பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கும் அடிப்படைச் சட்டம் ஒன்றுதான்: 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். ஆகவே இங்கே சொல்லும் குறைகள் அந்த அமைப்பின் குறைகள். தனியொரு பல்கலைக்கழகத்தின் மேல் சுமத்துவதற்கு எதுவும் இல்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடத்திட்டத்தின் தரத்தைக் காப்பதில் மூதவை நம்பகமானது. பிரதிநிதித்துவத்தில் பலவீனமானது. மூதவையில் மாணவருக்கு ஆசனமே இல்லை. சட்டம் மாணவரை உட்கார வைக்கும் சபை ஒரு படி கீழே இருக்கும் பீடச் சபை. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு மட்டும்தான் இந்தச் சேவை வேலை செய்கிறது.

மூதவையில் யார் இருக்கிறார்கள்? தலைமை உபவேந்தர். பீடாதிபதிகள், துறைத் தலைவர்கள், நிரந்தரப் பேராசிரியர்கள், நூலகர் ஆகியோர் பதவி வழியே வருகிறார்கள். மற்ற ஆசிரியர்களிலிருந்து பீடத்துக்கு இருவர் தெரிவாகி வருகிறார்கள். ஒன்பது பீடங்கள் உள்ள பேராதனையில் அப்படி வருவோர் 18 பேர். பேராசிரியர்களும் துறைத் தலைவர்களும் நிறைந்த சபையில் இந்தப் 18 பேரின் குரல் எளிதில் அமிழ்ந்துவிடும். இருந்தாலும், இளம் விரிவுரையாளர்களின் பாடச்சுமை, புதிய பாடநெறிகளுக்கு ஆளில்லாத நிலை போன்றவற்றை மூதவையில் எழுப்பும் பொறுப்பு பெரும்பாலும் இவர்கள் தலையில்தான் விழுகிறது. உங்கள் பீடத்தின் அந்த இருவர் யாரென்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூதவையின் பலம், கல்வி விடயத்தில் அதைத் தாண்டிப் போக முடியாது என்பது. ஒரு கல்வி விடயத்தில் பல்கலைக்கழகத்தை நிருவகிக்கும் சபையான பேரவை தீர்மானம் எடுப்பதற்கு முன், மூதவை தன் கருத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது சட்டம். பாடநெறி, பரீட்சை, பட்டம் எல்லாமே அதன் கட்டுப்பாட்டில் உள்ளவை. பணம், பதவி, கட்டடம் என்று வந்தால் மட்டும் பேரவைக்குப் போகவேண்டும். உங்கள் குறை இதில் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்காமல் கடிதம் எழுதுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் முதல் தவறு. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று மூதவைக்கு எழுதினால் அந்தக் கடிதம் சுற்றிச் சுற்றி நிர்வாகத்துக்கே திரும்பிவரும்.

பேரவையின் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உபவேந்தர், பிரதி உபவேந்தர், ஒன்பது பீடாதிபதிகள், மூதவை அனுப்பும் இருவர் என்று உள்ளேயிருந்து வருவோர் 13 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, 14 பேரை வெளியிலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கிறது. நாலு பீடங்களும் பிரதி உபவேந்தர் இல்லாத நிலையும் என்றால் 7க்கு 8. எப்படிப் பார்த்தாலும் வெளியார் ஒருவர் அதிகம். உபவேந்தர் பதவிக்கு மூன்று பெயர்களைப் பரிந்துரைப்பதும் இந்தப் பேரவைதான். அவற்றிலிருந்து ஆணைக்குழுவின் பரிந்துரையோடு ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். வளாகத்தில் பாடம் நடத்துவோர் தமக்குத் தலைமை தாங்குபவரைத் தெரிவதில் சிறுபான்மையாகவே இருக்கிறார்கள் என்பது எங்கள் பார்வையில் இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை.

இனிப் பீடச் சபை. பீடாதிபதி, நிரந்தரப் பேராசிரியர்கள் முதல் விரிவுரையாளர்கள் வரை, உதவி விரிவுரையாளர் தரப்பிலிருந்து இருவர், பீட மாணவர்கள் தெரிவு செய்யும் இரண்டு மாணவர், பீடத்துக்கு வெளியே துறைசார் சிறப்புப் பெற்ற மூவர். இதுதான் அதன் அமைப்பு. ஆசிரியர் 60 பேர் இருந்தாலும் 160 பேர் இருந்தாலும் மாணவர் ஆசனம் இரண்டுதான்.

அந்த இரண்டும் பீடம் முழுவதன் வாக்கால் நிரம்புகின்றன. 600 மாணவரில் 80 பேர் தமிழ் பேசுவோர் என்றால், பெரும்பான்மையினர் இரண்டு ஆசனங்களுக்கும் ஒரே அணியை நிறுத்தினால் அந்த 80 பேருக்கு ஒன்றும் மிஞ்சாது. விகிதாசாரத்துக்கு இங்கே இடமில்லை. இதற்கு உடனடியாகச் செய்யக்கூடியது தேர்தலுக்கு முன் பேசி ஓர் ஆசனத்துக்கு உடன்பாடு காண்பது. அது கைகூடாத வருடத்தில் தெரிவான இருவரிடமும் பிரச்சினைகளை எழுத்தில் கொடுத்து, அவை நிகழ்ச்சி நிரலில் ஏறினவா என்று கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பரீட்சைப் பெறுபேறு, பரீட்சைக் குற்றம் போன்ற இரகசிய விடயங்கள் வரும்போது மாணவப் பிரதிநிதிகளைப் பொதுவாக வெளியே இருக்கச் சொல்வார்கள். அது நியாயமானதே. ஆனால் பாடநெறி மாற்றம், பரீட்சைக் கால அட்டவணை, வாசிகசாலை நேரம் எல்லாம் இரகசியம் கிடையாது. அவற்றுக்கும் எழுந்து போகச் சொன்னால் எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

இந்தச் சேவை உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் அறுத்துப்போட்டதை எல்லோரும் அறிவோம். பெரும் புயல் இல்லாத வருடங்களிலும் நுவரெலியா, பதுளைப் பக்கம் மழைக்காலத்தில் பாதை மூடுவது வழமை. அப்படியொரு நாளில் பரீட்சை இருந்து, பிள்ளை வந்து சேர முடியாமல் போனால் என்ன நடக்கும்?

மூதவை அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை எழுதுவது முதல் தோற்றமாக, அதாவது முதல் முறை எழுதியதாகக் கணக்கிடப்படும். வகுப்புச் சித்திக்கான (‘கிளாஸ்’ பெறுவதற்கான) தகுதி குறையாது. ஏற்காவிட்டால் அது மீள்தோற்றம். பல பீடங்களில் மீள்தோற்றத்துக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் ‘சி’க்கு மேல் தரம் கிடையாது. நாலு வருட உழைப்பை ஒரு கடிதம் தீர்மானிக்கும் இடம் இது.

கடிதம் துறைத் தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்குப் போகவேண்டும். மேலே ‘உரிய வழியூடாக’ என்று எழுதுங்கள். பதிவிலக்கம், பாடக் குறியீடு, பரீட்சைத் திகதி, நேரம் இவை முதல் பந்தியிலேயே இருக்கட்டும். மருத்துவச் சான்றிதழ் நோய்க்கு மட்டும்தான் உதவும், மண்சரிவுக்கு உதவாது. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அதன் மேல் பிரதேச செயலாளரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. ‘மேற்படி மாணவி எனது பிரிவில் வசிப்பவர், அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டவர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வீதி எது, எந்தத் திகதி மூடியது, எந்தத் திகதி திறந்தது என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால் சபைக்கு முடிவெடுக்க ஆதாரம் இல்லை. கடிதத்தைக் கையில் வாங்கும்போதே இந்த மூன்றையும் சரிபாருங்கள். தோட்ட நிருவாகத்தின் கடிதத்தையும் சேர்க்கலாம், ஆனால் அது மட்டும் போதாது.

இரண்டாவது தடை நாட்காட்டி. பீடச் சபையும் மூதவையும் வழமையாக மாதம் ஒருமுறைதான் கூடுகின்றன. நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே மூடப்பட்டுவிடும். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதம் போய்விடும். பீடச் சபையில் ஒரு மாதம், மூதவையில் இன்னொரு மாதம் என்று இரண்டு இடத்திலும் பிந்தினால் அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பத் திகதியே கடந்துவிடலாம். ஆகவே கடிதம் கொடுத்த அன்றே பீட அலுவலகத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த பீடச் சபை எப்போது, நிகழ்ச்சி நிரல் எப்போது மூடும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘கிடைக்கவில்லை’ என்று சொன்னால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். மூதவையின் ஆவணங்களும் பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் எழுதிக் கொடுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனாலும் கூட்டத்துக்குப் போகும் ஆவணக் கட்டுக்குள் உங்கள் கடிதத்தின் இரண்டு வரிச் சுருக்கம்தான் ஆங்கிலத்தில் இருக்கும். அந்தச் சுருக்கத்தை வேறொருவர் எழுதினால் வீதி பெயரும் திகதியும் விடுபட்டுப்போகும். ஆகவே தமிழ்க் கடிதத்தோடு நீங்களே அரைப் பக்க ஆங்கிலச் சுருக்கம் ஒன்றை இணைத்துவிடுங்கள். இந்தச் சுமை மாணவர் தலையில் விழவேண்டியதில்லை. பீட அலுவலகங்களில் தமிழ் தெரிந்த ஓர் எழுதுநர் இருந்தாலே போதும்.

முடிவு என்னவானது என்று சொல்லாமல் விட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். தமிழிலேயே கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லவேண்டும். ‘என் விடயம் தொடர்பான எல்லாம்’ என்று கேட்காதீர்கள். கூட்டத் திகதியையும் விடயத்தையும் குறிப்பிட்டு, கூட்டறிக்கையின் அந்தப் பகுதியை மட்டும் கேளுங்கள். பரீட்சையின் இரகசியத்தன்மையைக் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு என்பதால், வினாத்தாள், பரீட்சகர் பெயர் பக்கம் போகவேண்டாம்.

கடைசியாக, எங்களுக்குப் பெரிய ஆதங்கமாக இருப்பது பீடச் சபையின் வெளியார் மூன்று ஆசனங்கள். அவற்றை நிரப்புவது பீடச் சபையே. கொழும்பின் அனுமதியோ சட்டத் திருத்தமோ வேண்டியதில்லை. விவசாய பீடத்துக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலை உள்ளிருந்து அறிந்த ஒருவரையும், கலைப் பீடத்துக்கு மலையகப் பாடசாலைகளில் பல வருடம் உயர்தரம் கற்பித்த ஓர் அதிபரையும் கொண்டுவர இந்த மூன்று ஆசனங்கள் போதும். தேயிலைத் தொழில்நுட்பத்தையே பட்டப்படிப்பாக நடத்தும் ஊவா வெல்லஸ்ஸவுக்கு இது இன்னும் பொருந்தும். உங்கள் பீடத்தில் அந்த மூவர் இப்போது யார், அவர்களின் பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று மாணவப் பிரதிநிதிகள் இருவரும் அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். ஆசனம் வெறுமையாகும் மாதத்துக்கு முன்பே பெயரும் தகுதி விபரமும் எழுத்தில் தயாராக இருக்கவேண்டும்.