ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி: வெளியே அனுப்புவதா, குடோனுக்கே வரவழைப்பதா?

மாதவரம் பக்கம் இருக்கும் எங்கள் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் (முன்னால் நீட்டிய இரண்டு கரங்களால், அதாவது ஃபோர்க்கால், சரக்கைத் தூக்கும் வண்டி) ஓட்டும் ஆபரேட்டர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க இரண்டு வழி இருந்தது. ஆட்களைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பலாம். இல்லை, பயிற்சியாளரையே இங்கே வரவழைக்கலாம். நாங்கள் வரவழைத்தோம். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவு, நேரம் எல்லாம் தெரிந்த கதை. அங்கே அனுப்பினால் ஷிப்டில் ஆள் குறையும். இங்கே நடத்தினால் வண்டி நிற்கும். நாளைக்கு மணலி, எண்ணூர் என்று வேறு யார்டில் வேலை தேடுகிறவருக்கு மையத்தின் சர்டிபிகேட் கொஞ்சம் கூடுதலாக உதவலாம்.

முடிவு செய்தது தரைதான். நாங்கள் போய்ப் பார்த்த மையத்தில் சமதளம், வரிசையாக கோன்கள், காலி பேலட் (சரக்கு அடுக்கும் பலகை). எங்களிடம் இருப்பது சரிவு ரேம்ப், வெயிலிலிருந்து நுழைந்தால் கண் இருட்டும் வாசல், மழைக்காலத்தில் வழுக்கும் சிமெண்ட். லோடோடு ரேம்பில் ஏறும்போது முன்பக்கமாக, இறங்கும்போது ரிவர்ஸில் என்பது எல்லோருக்கும் வாய்ப்பாடமாகத் தெரியும். அதை இதே ரேம்பில், தினமும் தூக்கும் அதே லோடோடு செய்து பார்த்தது இங்கேதான். டிரெய்லர் மேல் நிற்கும் கன்டெய்னருக்குள் வண்டியை விடும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா, இழுவை வண்டி கழன்றிருந்தால் முன்பக்கத்துக்கு முட்டு இருக்கிறதா என்று பயிற்சியாளர் இறங்கிப் பார்க்க வைத்தார்.

அப்புறம், எவ்வளவு தூக்கலாம் என்று வண்டியில் எழுதியிருக்கும் தகடு. பயிற்சியாளர் கிரீஸைத் துடைத்துவிட்டு எங்கள் ஆபரேட்டர் ஒருவரைப் படிக்கச் சொன்னார்: 3000 கிலோ, 500 மி.மீ.

“மூணு டன் வண்டி, மூணு டன் தூக்கும். அவ்வளவுதானே சார்?”

“அந்த 500-ஐயும் சேர்த்துப் படிங்கண்ணே.”

லோடின் மையம் ஃபோர்க் வண்டியோடு சேரும் இடத்திலிருந்து 500 மி.மீ.-க்குள் இருந்தால்தான் அந்த 3000 கிலோ. எங்கள் பேலட்டின் நீளம் 1200 மி.மீ. நீளவாக்கில் தூக்கினால் லோடின் மையம் அங்கிருந்து 600-க்குப் போய்விடும். அப்போது முழு 3 டன்னைத் தூக்கக் கூடாது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகூட வண்டியோடு சேர்த்து வேலையிடத்துத் தரை, சரிவு, குறுகலான வழி எல்லாம் பயிற்சியில் வரவேண்டும் என்கிறது. குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை ஆபரேட்டரை மதிப்பிடவும் சொல்கிறது.

ஸ்டியரிங்கையே தொடாத புதுப் பையன் என்றால் முதலில் மையம்தான் சரி. தேறாதவரைத் தேறவில்லை என்று சொல்லவும் அவர்களால் முடியும். நம்மிடம் காசு வாங்குகிறவருக்கு அதில் கொஞ்சம் சங்கடம். உயரமான ரேக்குகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ரீச் டிரக் எங்களிடம் இல்லை, அதற்கு எது நல்லது என்று அனுபவத்தில் சொல்ல முடியாது.

வரவழைப்பதானால், ரேட் பேசும் முன் குடோனை வந்து பார்க்கச் சொல்லுங்கள். “எல்லா இடமும் ஒண்ணுதான் சார்” என்று போனிலேயே ரேட் சொன்னவரை நாங்கள் கூப்பிடவில்லை.