முப்பது நாளும் ஒரே லென்ஸ்: மயிலாப்பூரில் 50 மி.மீ.

நாளுக்கு ஒரு படம், அதுவும் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்துக்குள் என்று 30 நாள்களுக்கு எனக்கு நானே விதித்துக்கொண்ட பயிற்சிக்காக 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினேன் (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துளை அகலமாகத் திறந்து அதிக ஒளி வரும்; ஆனால் படத்தில் தெளிவாக விழும் ஆழம் குறையும்). ஜூம் இல்லாததால் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் நானே முன்னும் பின்னும் நகர வேண்டியிருந்தது; அப்படி நகர்ந்தபோதுதான், வாழைநாரில் தொடுக்கப்படும் மல்லிகை மொக்கின் காம்பில் தங்கியிருந்த நீர்த்துளியும், பாத்திரக் கடைப் பித்தளைக் குடத்தில் வளைந்து தெரிந்த தெருவும் இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக என் கண்ணில் பட்டன. எஃப் 1.8-இல் விடியற்காலை வெளிச்சமே போதும். ஆனால் ஒரு மொக்கு தெளிந்தால் அடுத்தது மங்கிவிடுவதால், பூச்சரத்துக்கு எஃப் 4 வைப்பதே நல்லது. முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவில் இந்த லென்ஸ் ஏறத்தாழ 75 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்குவதால், சந்துகளில் பின்னால் நகர இடமிருக்காது. அந்தி மங்கலில் ஆட்டோஃபோகஸ் தடுமாறியதால், திண்ணை மாடத்தில் அகல் ஏற்றிய கையை மட்டும் தவறவிட்டேன். மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் நின்றேன்.